செய்து காட்டிப் பேசுதல்

(வடக்குத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



வகுப்பறையில் ஒரு மாணவனோ மாணவியோ எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த ஒரு கைவேலையைத் தோழர்களின் கண்முன்னே செய்து காட்டி, அவர்களும் அதைச் செய்யும்படி சொல்லிக் கொடுக்கின்ற பேச்சைப் பற்றி இன்று சில கருத்துக்களைக் கூற விரும்புகிறேன். இலக்கிய மன்றங்களிலும் ஆண்டு விழாக்களிலும் நம் பிள்ளைகள் பேசுகின்ற பேச்சுக்களை நான் பெருவிருப்போடு கேட்பவன். அவை செவிக்கு இன்பம் தருவன. நெஞ்சுக்கு எழுச்சி தருவன. நான் சொல்ல வந்த பேச்சோ கேட்பவருடைய கைக்கு உரியது. பேச்சு முடிந்ததும் எழுகின்ற கரகோஷம் இதற்குப் பிரமாணம் ஆகாது. கேட்டவன் மறுநாள் தன் வீட்டில், பேசியவன் அருகில் இல்லாதபோது, அந்தக் காரியத்தைத் தன் கையால் செய்து முடித்தானா என்பது ஒன்றே இதன் வெற்றியை அளக்கும் அளவுகோல். இந்த ஒரு நோக்கத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இப்பேச்சை எப்படி ஆயத்தம் செய்வது, எப்படி நிகழ்த்துவது என்பவை யாவும் அதிலிருந்தே பிறக்கும்.

சொல்லால் தீராத சந்தேகத்தைச் செயல் தீர்த்துவைக்கும் என்பதற்கு நாம் கூடியிருக்கின்ற இந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டதைக் கண்டு, அதை அரசாங்கத்தாரின் பார்வைக்குக் கொண்டுசென்றார் என்பது நெய்வேலிக் குழந்தைகள் நன்கு அறிந்த வரலாறு. பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது பிற்பாடு துளையிட்டுப் பார்த்ததில் உறுதியாயிற்று. ஆனால் அதை வெட்டி எடுக்க இயலுமா என்ற ஐயம் மட்டும் நெடுநாள் தீரவில்லை. நிலக்கரிப் படுகையின் கீழே சிறைப்பட்டிருந்த ஊற்றுநீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான அழுத்தத்தோடு மேல்நோக்கி உந்திக்கொண்டிருந்தது. மேலேயுள்ள மண்பாரத்தை அகற்றிவிட்டால் அந்த நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு எழும் என்று அஞ்சினார்கள். சுற்றிலும் குழாய்க் கிணறுகள் இறக்கி, நீரை இடைவிடாமல் இறைத்து, அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே வெட்டலாம் என்ற யோசனை, ஏட்டில் இருந்தவரையில் ஒரு வாதமாகவே இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் சிறிய அளவில் ஒரு சோதனைச் சுரங்கம் தோண்டிப் பார்த்த பிறகே அந்த வாதம் பிரத்தியட்சமாயிற்று. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவானதும், 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததும், 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளிப்பட்டதும், மறு ஆண்டிலேயே மின்சாரம் பிறந்ததும் அதன் பின்னர் நிகழ்ந்தவை. சோதனைச் சுரங்கம் என்பது வேறென்ன? ஐயுற்று நின்ற ஒரு சபைக்கு முன்னே காரியத்தைச் செய்து காட்டியதுதான்.

இனி வகுப்பறைக்கு வருவோம். எடுத்துக்கொள்ளும் பொருள், பேசுகிறவன் தன் கையால் பலமுறை செய்து பழகியதாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் கூறுவார்கள், நானும் கூறுகிறேன். ஆனால் அந்தப் பழக்கத்திலேயே இப்பேச்சின் முதல் இடையூறும் ஒளிந்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு வித்தை கையில் படியப் படிய, அது நாவிலிருந்து மெல்ல மெல்ல விலகிப்போய்விடுகிறது. நெடுநாள் பழகியவனுடைய கை, அவன் அறியாமலே பத்துக் காரியங்களைச் செய்துவிடும். அவன் வாயோ அவற்றில் நான்கைத்தான் சொல்லும். எஞ்சிய ஆறும் சொல்லப்படாமல் போவதால்தான், பார்க்கும்போது எளிதாகத் தோன்றியது வீட்டிற்குப் போய்ச் செய்து பார்க்கும்போது வராமற் போகிறது. ஆகவே ஆயத்தம் என்பதன் சாரம், தெரியாத செய்திகளைத் தேடிச் சேர்ப்பதில் இல்லை. கைக்குள் மறைந்துபோன செய்திகளை மீண்டும் வாய்க்குக் கொண்டுவருவதில் இருக்கிறது.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். கோடைக் காலத்தில் பண்ருட்டிச் சாலையின் இருமருங்கும் பலாப்பழங்கள் குவிந்து கிடப்பதை இங்கே காணாதவர் இல்லை. இந்தப் பகுதியில் வளர்ந்த பிள்ளைக்குப் பலாப்பழம் அறுப்பது பிறந்தது முதல் பார்த்த காரியம். அவனை வகுப்பில் அதைப் பற்றிப் பேசச் சொன்னால், "கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், பழத்தை இரண்டாக வெட்ட வேண்டும், சுளையை எடுக்க வேண்டும்" என்று மூன்று வாக்கியங்களில் முடித்துவிடுவான். இம்மூன்றும் பொய்யல்ல, ஆனால் இம்மூன்றை மட்டும் கேட்டுக்கொண்டு, பலாவையே அறியாத ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவரின் மகன் பழத்தின்மேல் கத்தியை வைத்தால் என்ன ஆகும்? கைக்கு எண்ணெய் தடவியவன் கத்திக்குத் தடவ மறப்பான். முதல் கீற்றிலேயே பால் கசிந்து, கத்தி பசையாகிவிடும். பழம் பழுத்ததா என்பதை வாசனையாலும், முட்கள் அகன்று தணிந்திருப்பதாலும், தட்டினால் எழும் மந்தமான ஓசையாலும் அறிய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. நடுவே ஓடும் தண்டு தடுக்கும் இடத்தில் அனுபவசாலியின் கை தானே ஒரு கணம் நின்று, பிறகு அழுத்துகிறது. அந்த நிறுத்தத்தை அவன் சொல்லாததால், புதியவன் ஒரே வேகமாக அழுத்திக் கையை வெட்டிக்கொள்ளவும் கூடும். வெட்டிய துண்டிலிருந்து நடுத்தண்டைச் சீவி எடுத்துவிட்டுத் தோலை வெளிப்புறமாக வளைத்தால் சுளைகள் தாமே விரிந்து எழுந்து நிற்கும். இந்த ஒரு சூட்சுமத்தை அறியாதவன் ஒவ்வொரு சுளையையும் நாரோடு மல்லுக்கட்டிப் பிய்த்து எடுப்பான்.

இவற்றையெல்லாம் எப்படி வாய்க்குக் கொண்டுவருவது? அதற்கு ஓர் உபாயம் உண்டு. அந்த வேலையை ஒருநாளும் செய்திராத ஒருவரை, தம்பியோ தங்கையோ பக்கத்து வீட்டுத் தோழனோ யாராயினும், எதிரில் உட்கார வைத்து, பொருள்களை அவர் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் இரு கைகளையும் கட்டிக்கொண்டு, வாயால் மட்டுமே வழிகாட்டுங்கள். கத்தி போன்றவை வருகிற வேலையானால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எந்த இடத்தில் "இப்படி இல்லை, அப்படி" என்று சொல்லிக்கொண்டு உங்கள் கை தானே முன்னே பாய்கிறதோ, அந்த இடத்தில் உங்களிடம் சொல் இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள். அங்கே சொல்லைத் தேடுங்கள். கிடைத்த சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம்" என்று சொன்ன இடத்தில் எவ்வளவு என்றும், "பதமாக" என்று சொன்ன இடத்தில் எதைக் கண்டு பதம் அறிவது என்றும் எழுதுங்கள். இப்படி நிதானமாக இரண்டு மூன்று முறை அப்பியாசம் செய்தவனுக்கு, மனப்பாடம் செய்த உரை ஒன்றும் வேண்டியதில்லை. வேலையின் ஒழுங்கே அவன் பேச்சின் ஒழுங்காகிவிடும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் பகுதியில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழில். அது போற்றத்தக்க கைத்திறன். கொட்டை நசுங்காமல் முழுப் பருப்பை எடுப்பது எளிதான காரியம் அன்று. ஆனால் கொட்டையின் தோலிலுள்ள எண்ணெய் பட்ட இடத்தைப் புண்ணாக்கும். சுடும்போது தீப்பற்றித் தெறிக்கும். ஆகவே அதை வகுப்பறையில் செய்து காட்டப் புகுவது தகாது என்பதே என் அபிப்பிராயம். அந்தத் தொழிலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், எழுதலாம். பிள்ளைகள் பார்த்துவிட்டு வீட்டில் தனியே செய்து பார்க்கும்படி தூண்டுகிற பேச்சுக்கு மட்டும் அது உரியதன்று. பேசுகிறவன் தனக்கு ஆபத்தில்லை என்பதை மட்டும் பார்த்தால் போதாது. கேட்டவன் நாளை தனியே செய்யும்போது அவனுக்கும் ஆபத்தில்லை என்பதையும் பார்க்க வேண்டிய கடமை பேசுகிறவனுக்கு உண்டு.

செய்து காட்டிப் பேசும் கலையில் உலகம் கண்ட பேராசான் ஒருவரை இங்கே நினைவு கூர்வது பொருந்தும். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1791-இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பயின்றவர். 1812-இல், கடைக்கு வந்துபோகும் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டோடு, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய பிரசங்கங்களைக் கேட்டு, அவற்றைக் குறிப்பெடுத்து, தம் கையாலேயே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பிவைத்தார்; மறு ஆண்டு அங்கேயே உதவியாளராக அமர்ந்தார். அவ்வாண்டில் தம் நண்பர் ஆபட் என்பவருக்கு எழுதிய கடிதங்களில், பிறர் பேசுவதை உற்றுநோக்கித் தாம் அறிந்தவற்றை எல்லாம் அந்த இளைஞர் விரித்துரைத்திருக்கிறார். உபகரணங்களை மேசையில் எப்படி அடுக்கினால் சபையோருக்கு மறைக்காது என்பது முதல், அறையில் காற்றோட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பது வரை, அவர் சிந்தியாதது இல்லை. பேசத் தொடங்குமுன்னரே கேட்பவரின் இருக்கையில் அமர்ந்து பார்த்த மனம் அது. தாம் மேடை ஏறிய காலத்திலும் அவர் உச்சரிப்புக் கலையை ஓர் ஆசிரியரிடம் பயின்றார். தாம் விரைந்து பேசும்போது "மெதுவாக" என்றும், நேரம் முடியப்போகும்போது "நேரம்" என்றும் எழுதிய அட்டைகளைத் தம் கண்ணில் படும்படி காட்டுவதற்கு ஓர் ஆளையே ஏற்படுத்திக்கொண்டார் என்பர்.

அவர் இளைஞர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கங்களில் புகழ்பெற்றது ஒரு சாதாரண மெழுகுவர்த்தியைப் பற்றியது. 1848-இல் ஒருமுறையும், 1860-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மறுமுறையும் அதை அவர் நிகழ்த்தினார். மெழுகுவர்த்தியை அணைத்தவுடன் எழுகின்ற வெண்புகையின்மேல், திரியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தீக்கொழுந்தைக் காட்டினால், சுடர் அந்தப் புகையின் வழியே ஓடிவந்து திரியில் மீண்டும் ஏறிக்கொள்ளும். எரிவது திரியன்று, உருகி ஆவியான மெழுகே என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வாக்கியமும் சொல்லிவிட முடியாது. கையிலுள்ள கல்லை விட்டால் அது கீழே விழும் என்று சொல்ல நேர்ந்தாலும், கையைத் திறந்து கல்லை விழவிட்டே காட்ட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. எல்லோரும் அறிந்ததை ஏன் காட்ட வேண்டும் என்று கேட்கலாம். சொல்லும் செயலும் ஒரே கணத்தில் சேரும்போது கேட்பவருடைய கவனம் சிதறுவதற்கு இடம் இல்லாமற் போகிறது. நம் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுப் பின்பு மௌனமாகச் செய்கிறார்கள். அல்லது மௌனமாகச் செய்து முடித்துவிட்டுப் பின்பு சொல்லத் தொடங்குகிறார்கள். இரண்டும் பயன் தருவதில்லை. கை ஒன்றைச் செய்யும்போது வாய் அதையே சொல்ல வேண்டும்.

வேலையின் நடுவே வாய்க்குச் சொல்ல ஒன்றும் இல்லாத வெற்றிடங்களும் வரும். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதை ஒருவன் செய்து காட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். காற்றடித்த டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டு, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிவிட்டான். அடுத்து, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு மட்டும் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். அதுவே பஞ்சர் நிற்பதற்கும் நிற்காமற் போவதற்கும் காரணமான இடம். சபையோர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்ற கூச்சத்தால் பேசுகிறவன் அவசரமாகப் பேட்சை ஒட்டிவிட்டால், அவன் கற்பித்தது தவறான பாடம். அந்த அவகாசத்தைக் காரணம் சொல்வதற்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும்: உப்புத்தாளால் ஏன் தேய்த்தோம், ஈரத்தோடு ஒட்டினால் ஏன் பிரிந்துவிடும் என்பவற்றைக் கூறுவதற்கு அதைவிட ஏற்ற நேரம் இல்லை. நீண்ட நேரம் பிடிக்கின்ற வேலையானால், வெவ்வேறு நிலைகளில் நிறுத்திவைத்த மூன்று மாதிரிகளை முன்கூட்டியே கொண்டுவருவது நல்லது. பலாப்பழம் அறுப்பதானால், முழுப் பழம் ஒன்று, தண்டு நீக்கிய துண்டு ஒன்று, சுளை எடுத்த கிண்ணம் ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேர வேலையை ஏழெட்டு நிமிஷத்தில் ஒன்றும் விட்டுப்போகாமல் காட்டிவிடலாம்.

கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேசுகிறவன் சபையை நோக்கி நிற்கும்போது அவனுடைய வலம் அவர்களுக்கு இடமாகத் தோன்றும். வேட்டியின் எந்தத் தலைப்பு மேலே வர வேண்டும், முடிச்சில் எந்தக் கயிறு எதன் கீழே நுழைய வேண்டும் என்பவற்றைக் காட்டுகிறவன் அவ்விடங்களில் திரும்பி நின்று, தன் முதுகைக் காட்டிக்கொண்டே செய்வதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. அதுவே கேட்பவர்களுக்குச் செய்யும் மரியாதை. கோலம் போடக் கற்பிக்கின்ற மாணவி, பின் வரிசைக்குத் தெரியவேண்டும் என்று கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டுகிறாள்; புள்ளிகளின் கணக்கும் வளைவின் போக்கும் அதில் விளங்கும்; மாவு விரலிடையே இழையாக இறங்கும் விதம் மட்டும் விளங்காது. அதற்கு மாணவர்களை எழுப்பி, வட்டமாக நிற்கவைத்து, தரையில் ஒரே ஒரு இழையாவது இழுத்துக் காட்டித்தான் ஆக வேண்டும்.

கேட்டவரின் கையே அளவுகோல் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதை ஒரு தேசம் முழுவதும் நடத்திக் காட்டியவர்கள் உண்டு. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் உடலின் நீர் வற்றி மாண்டுகொண்டிருந்த காலத்தில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்தே பெரும்பாலோரைக் காப்பாற்றலாம் என்பதை, 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் நிறுவிக் காட்டினார். பின்னர் 1980 முதல் பத்தாண்டுகள், பங்களாதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களுக்கு இதைக் கற்பித்தார்கள். மூன்று விரலால் கிள்ளி எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். எழுத்தறியாத தாய்க்கும் விரல் உண்டு, உள்ளங்கை உண்டு. அளவை அவள் உடம்பிலேயே வைத்துவிட்டார்கள். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு; ஆகவே "கொஞ்சம் உப்பு" என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் அளந்து கட்டிய பொட்டலமே கிடைக்கிறது, அதுவே உத்தமம். நான் சுட்டிக்காட்ட விரும்புவது அவர்கள் கற்பித்த முறையை. ஊழியர் கலக்கித் தாய் பார்ப்பதைவிட, தாயே கலக்கி ஊழியர் பார்ப்பதில்தான் பாடம் படிகிறது என்பதை அவர்கள் அனுபவத்தால் கண்டார்கள். பின்னர் வேறொருவர் மாதிரியாகச் சில வீடுகளுக்குச் சென்று, அந்தத் தாயைக் கேள்வி கேட்டு, கரைசலைச் செய்து காட்டச் சொல்லிச் சோதித்தார். தாய்க்கு எந்த அளவு நினைவிருந்ததோ அந்த அளவுக்கே கற்பித்த ஊழியருக்கு ஊதியம் கணக்கிடப்பட்டது. எவ்வளவு நன்றாகப் பேசினாய் என்று அந்த ஊழியரை யாரும் கேட்கவில்லை. நம் பள்ளிகளில் செய்முறைப் பேச்சுக்கு மதிப்பெண் இடும் ஆசிரியப் பெருமக்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். குரலுக்கு இவ்வளவு, நிற்கும் தோரணைக்கு இவ்வளவு என்று பகுத்து வைத்திருக்கிறோம். கேட்ட மாணவரில் இருவரை மறு வாரம் அழைத்து அதைச் செய்யச் சொல்லி, அவர்கள் செய்வதைக் கொண்டு பேசியவனுக்கு ஒரு பகுதி மதிப்பெண்ணாவது அளித்தால், ஆயத்தத்தின் தன்மையே மாறிவிடும்.

மதிப்பெண் எப்படியாயினும், பேசுகிறவன் தானே செய்துகொள்ளக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தனக்குக் கொடுத்த நேரத்தில் கடைசி மூன்றில் ஒரு பங்கைத் தன் பேச்சுக்கு வைத்துக்கொள்ளாமல், சபையிலிருந்து ஒருவரை அழைத்துச் செய்ய விடுவதற்கென ஒதுக்கிவைக்க வேண்டும். முன் வரிசையில் ஆவலோடு கை தூக்குகிறவனை அழைப்பது எளிது. அவனுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். ஒதுங்கி உட்கார்ந்திருப்பவரை அன்போடு அழைக்க வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அக்கேள்வியால் பயன் சிறிதே. இராமேசுவரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் ஐந்தாம் வகுப்பில் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிவிட்டு அவ்வாறு கேட்டபோது, புரியவில்லை என்று ஒரு சிறுவன் துணிந்து கூறினான். மற்றவர்களும் அவ்வாறே கூறினார்கள். ஆசிரியர் சினவாமல் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் எழும்புவதையும் திரும்புவதையும் நேரில் காட்டினார். அந்தச் சிறுவன் அப்துல் கலாம். தம் வாழ்வின் திசையைத் தீர்மானித்த பாடம் அதுவே என்று பின்னாளில் அவர் பலமுறை கூறியிருக்கிறார். புரியவில்லை என்று சொல்லக்கூடிய வகுப்பை அந்த ஆசிரியர் முன்பே உண்டாக்கி வைத்திருந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

அழைத்து வந்தவர் செய்யத் தொடங்கியதும் பேசுகிறவன் ஓரடி பின்னே தள்ளி நிற்க வேண்டும். அவர் தடுமாறும்போது பொருளைக் கையிலிருந்து வாங்கித் தானே செய்து முடித்துவிடும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஆபத்து நேரும் என்று தோன்றினால் மட்டுமே கை நீட்டலாம். மற்றபடி, அவர் எந்த இடத்தில் நின்றுவிட்டாரோ அந்த இடத்தைச் சுட்டி, அங்கே செய்ய வேண்டியதை முன்பு சொன்ன சொற்களிலேயே அல்லாமல் வேறு சொற்களில் மறுபடி சொல்ல வேண்டும். ஏனெனில் முதலில் சொன்ன சொற்கள் அவருக்கு உதவவில்லை என்பது அப்போது தெரிந்துவிட்டது. சபையிலிருந்து யாராவது சிரித்தால் அவரை அமைதிப்படுத்துவதும் பேசுகிறவனின் பொறுப்பே. மணி அடித்துவிட்டாலும் கேடில்லை. தொடங்கிய வேலையை அவர் தம் கையாலேயே செய்து முடிக்கும் வரை ஆசிரியரிடம் அனுமதி கேட்டுக் காத்திருங்கள். முடித்த பின்பு, அவர் நின்றுபோன இடத்தை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பில் அதே பேச்சைப் பேச நேர்ந்தால், நீங்கள் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் அதுவே.